லாண்ட் ரோவர் பிறந்த கதை

'இரண்டாண்டு இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம்' என்ற எண்ணத்தோடு ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள் நம்முள் பலர். மும்பையிலோ, தில்லியிலோ, கொல்கத்தாவிலோ ஒரு தற்காலிக வேலை; நண்பரோடு ஓர் அறையில் தங்கல்; ஒரு பெட்டியும் ஒரு படுக்கையுமே உடைமை. இரண்டாண்டு ஐந்தாண்டாகிறது, ஐந்தாண்டு இருபதாண்டாகிறது. குழந்தைகள் அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்த ஊர் மொழியில் சண்டையிட்டுக்கொள்கிறார்கள். தற்காலிகம் என்று எண்ணித் தொடங்கியதே வாழ்க்கையாகிவிடுகிறது. மனிதருக்கு நேரும் இந்த அனுபவம் மனிதர் படைக்கும் பொருள்களுக்கும் சில வேளைகளில் நேர்வதுண்டு. அத்தகைய ஒரு பொருளின் வரலாற்றையே இப்போது கூற விரும்புகிறேன்.

1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் ஆங்கில நாட்டு வண்டியொன்று முதன்முறையாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. பச்சை வண்ணம், பெட்டி போன்ற உருவம், தட்டையான பக்கங்கள், வளைவு நெளிவு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. மோட்டார்க் கண்காட்சிக்குச் செல்பவர்கள் எதிர்பார்க்கும் பளபளப்பும் ஒய்யாரமும் அதனிடம் அறவே இல்லை. அதைச் செய்த நிறுவனத்தாரும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பயன்படும் ஓர் இடைக்கால ஏற்பாடாகவே அதனைக் கருதியிருந்தார்கள். அந்த வண்டியின் பெயர் லாண்ட் ரோவர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கென வந்த அந்த வண்டியின் வழித்தோன்றல்கள் 2016-ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 68 ஆண்டுகள், அதே ஊரில் தயாராகிக்கொண்டிருந்தன.

இவ்வண்டியின் பிறப்பை அறிய வேண்டுமானால் அதற்கு முன்னோடியாயிருந்த ஜீப்பை முதலில் நினைவுகூர வேண்டும். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் ஒரு சிறு வண்டியை நாடிற்று. சேற்றிலும் மணலிலும் மேட்டிலும் பள்ளத்திலும் செல்லத்தக்கதாய், நான்கு சக்கரங்களுக்கும் விசை பாய்வதாய், எடை குறைந்ததாய் அஃது இருக்க வேண்டும். 135 நிறுவனங்களுக்குக் கடிதம் சென்றது. மாதிரி வண்டியைக் கொடுக்க அளிக்கப்பட்ட காலமோ 49 நாட்களே. பென்சில்வேனியா மாநிலத்தின் பான்டம் என்னும் சிறு நிறுவனம் அக்கெடுவுக்குள் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரு நிறுவனங்களே அதனைப் பேரளவில் உற்பத்தி செய்தன. போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும், பசிபிக் தீவுகளிலும், நம் அசாம் எல்லைக் காடுகளிலும் அவை உழைத்தன.

போர் முடிந்ததும் படைகள் கலைந்தன, ஜீப்புகள் எஞ்சின. ஏலத்தில் அவை மலிவாகக் கிடைத்தன. இந்தியாவிலும் அது மக்களுக்கு அறிமுகமாயிற்று. அன்றைய பம்பாயில் மஹீந்திரா நிறுவனத்தார் 1940-களின் பிற்பகுதியிலேயே ஜீப்பின் உறுப்புகளை வருவித்து இணைக்கும் தொழிலைத் தொடங்கினார்கள். 'ஜீப்' என்ற சொல் கிராமத்தாருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. ஆனால் இங்கிலாந்தில் அந்த எஞ்சிய ஜீப்புகளுள் ஒன்று போய்ச் சேர்ந்த இடந்தான் நம் கதைக்கு முக்கியமானது. அதற்குமுன் போருக்குப் பிந்திய இங்கிலாந்தின் நிலையைச் சிறிது பார்ப்போம்.

போரில் வென்ற நாடு அது. ஆனால் வென்றவர் வீட்டில் உலை கொதிக்கவில்லை. போர்க்காலம் முழுவதும் கட்டுப்பாடின்றிக் கிடைத்த ரொட்டிக்கு, போர் முடிந்தபின் 1946-ஆம் ஆண்டு ஜூலையில் பங்கீடு வந்தது. 1947-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடுங்குளிரும் நிலக்கரிப் பஞ்சமும் சேர்ந்து தொழிற்சாலைகளை மூட வைத்தன. அமெரிக்காவிடம் கடன்; கனடாவிடம் கடன். வியப்பான செய்தி என்னவென்றால், இந்தியாவுக்கே அந்நாடு நூறு கோடிப் பவுனுக்கு மேல் கடன்பட்டிருந்தது. போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்து பெற்ற பண்டங்களுக்கும் செலவுகளுக்குமான பாக்கி லண்டனில் கணக்காகத் தேங்கி நின்றது. ஸ்டெர்லிங் நிலுவை என்று அந்நாளில் நாள்தோறும் செய்தித்தாள்களில் பேசப்பட்டது அதுவே.

கடன் தீர வேண்டுமானால் பிற நாடுகளுக்குப் பொருள்களை விற்க வேண்டும். ஆகவே எல்லாவற்றிலும் ஏற்றுமதிக்கே முதலிடம் என்று அரசாங்கம் விதித்தது. எஃகு தட்டுப்பாடான பொருள். யார் ஏற்றுமதி செய்கிறார்களோ அவர்களுக்கே எஃகு. உள்நாட்டில் மட்டும் விற்பவர்களுக்குக் கிள்ளிக் கொடுப்பதே வழக்கமாயிற்று. இந்த விதி ஒரு மோட்டார் நிறுவனத்தின் கழுத்தில் சுருக்காக விழுந்தது. அதுவே ரோவர் நிறுவனம்.

ரோவர் பழைய நிறுவனம். சைக்கிள் தொழிலுக்குப் பேர்போன கவென்ட்ரி நகரில் தோன்றியது. இன்று நாம் ஏறிச் செல்லும் சைக்கிளின் அமைப்பு, அதாவது ஒரே அளவான இரு சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் முறை ஆகியவை பரவுவதற்குக் காரணமான 1885-ஆம் ஆண்டின் 'ரோவர்' சைக்கிள் இந்நிறுவனத்தின் மூதாதையர் செய்ததே. ரோவர் என்றால் ஊர் சுற்றுபவன் என்று பொருள். 1904-ஆம் ஆண்டு முதல் மோட்டார்க் கார்களும் செய்தார்கள். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வங்கி அதிகாரிகளும் விரும்பி வாங்கும் கண்ணியமான கார்கள் அவை. ஆனால் அவற்றை வாங்கியவர்களிற் பெரும்பாலோர் இங்கிலாந்திலேயே இருந்தவர்கள். வெளிநாட்டுச் சந்தை ரோவருக்கு அதிகம் பழக்கமில்லை.

1940-ஆம் ஆண்டு நவம்பரில் கவென்ட்ரி மீது விழுந்த குண்டுமழையில் ரோவரின் தொழிற்சாலையும் பெருஞ்சேதமுற்றது. போர்க்காலத்தில் அரசாங்கத்துக்காக விமான எஞ்சின்களைச் செய்யும் பொறுப்பு அவர்களிடம் இருந்தது. அதற்கென்று பர்மிங்ஹாமை அடுத்த சோலிஹல் என்னுமிடத்தில் மிகப்பெரிய தொழிற்சாலை எழுப்பப்பட்டிருந்தது. போருக்குப் பின் நிறுவனம் அங்கே குடியேறிற்று. இப்போது நிலைமையைப் பாருங்கள்: முன்னிருந்ததைக் காட்டிலும் பெரிய கூடம், பயிற்சி பெற்ற தொழிலாளர்கள், ஆனால் செய்வதற்கு எஃகு இல்லை. ஏற்றுமதி இல்லாமையால் எஃகு இல்லை; எஃகு இல்லாமையால் ஏற்றுமதிக்குரிய புதிய காரைச் செய்ய வழியில்லை. கூடத்தை நிரப்ப ஏதேனும் ஒரு வேலை வராவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அப்போது நிறுவனத்தை நடத்தியவர்கள் வில்க்ஸ் சகோதரர் இருவர். மூத்தவர் ஸ்பென்ஸர் வில்க்ஸ், நிர்வாகத் தலைவர். இளையவர் மாரிஸ் வில்க்ஸ், தலைமைப் பொறியாளர். இந்த மாரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள ஆங்கிள்ஸி என்னும் தீவில் ஒரு பண்ணை இருந்தது. காற்றும் மணலும் ஈரமும் நிறைந்த கடலோர நிலம். அங்கே அவர் தமது பண்ணை வேலைகளுக்கு வைத்திருந்த வண்டி, போரில் எஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப். அந்த வண்டிதான் மேலே நாம் குறிப்பிட்ட ஜீப்.

ஜீப் நன்றாக உழைத்தது, ஆனால் பழையது, அடிக்கடி பழுதாயிற்று. ஒருநாள் ஸ்பென்ஸர் தம்பியிடம், "இந்த வண்டி ஓய்ந்துவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டாராம். "இன்னொரு ஜீப்பைத்தான் வாங்க வேண்டும், வேறு வண்டி இல்லையே!" என்று மாரிஸ் பதில் சொன்னாராம். சொன்ன பிறகுதான் இருவருக்கும் அந்தப் பதிலின் பொருள் உறைத்தது என்பார்கள். மோட்டார் செய்யும் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர், தம் பண்ணைக்கு வேண்டிய வண்டியைப் பிற நாட்டார் விட்டுச் சென்ற பழஞ்சரக்கிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் உலகத்தில் எத்தனை உழவர்கள் அதே நிலையில் இருப்பார்கள்! 1947-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஆங்கிள்ஸியின் 'ரெட் வார்ஃப்' கடற்கரை மணலில் மாரிஸ் வில்க்ஸ் ஒரு குச்சியால் வண்டியின் உருவத்தை வரைந்து அண்ணனுக்குக் காட்டினார் என்பது அந்நிறுவனத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அலை வந்து அதனை அழித்திருக்கும். ஆனால் எண்ணம் அழியவில்லை.

வேலை விரைவாகத் தொடங்கிற்று. பழைய ஜீப்புகளை விலைக்கு வாங்கி, பிரித்து, அளந்து பார்த்தார்கள். கார்டன் பாஷ்ஃபோர்டு என்னும் பொறியாளர் அடிச்சட்டத்தை வரைந்தார். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். அது ஜீப்பின் அளவே. முதல் மாதிரி வண்டி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. அதில் ஒரு விசித்திரம்: திருப்பு சக்கரம் வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை; உழவு டிராக்டரில் உள்ளதுபோல நட்ட நடுவில் இருந்தது. சில நாடுகளில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. சில நாடுகளில் வலப்புறம். நடுவிலேயே ஓட்டுநரை உட்கார வைத்துவிட்டால் எல்லா நாட்டுக்கும் ஒரே வண்டி போதுமல்லவா? கேட்பதற்கு நன்றாயிருந்தது, நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. ஆகவே அந்த யோசனை கைவிடப்பட்டு, வலக்கை வண்டி, இடக்கை வண்டி என இருவகையாகவும் செய்வதென முடிவாயிற்று. 1947-ஆம் ஆண்டு செப்டம்பரில் நிறுவனத்தின் இயக்குநர் குழு இத்திட்டத்துக்கு இசைவளித்தது. கண்காட்சிக்கோ ஏழெட்டு மாதங்களே இருந்தன.

இந்த வண்டியின் உருவத்தைத் தீர்மானித்தது கலைஞரின் கண் அன்று. தட்டுப்பாடே என்று துணிந்து கூறலாம். எஃகுத் தகடு கிடைப்பது அரிது. ஆனால் போர் நின்றபின் விமானங்கள் செய்வது குறைந்துவிட்டது. விமானங்களுக்குரிய அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. எனவே வண்டியின் மேற்பகுதி முழுவதையும் 'பர்மாபிரைட்' என்ற அலுமினிய மக்னீசியக் கலவைத் தகட்டினால் செய்தார்கள். காரின் வளைந்த பகுதிகளை அழுத்தி எடுப்பதற்குப் பெரிய அச்சுகள் வேண்டும்; அவை மிகுந்த செலவு பிடிப்பவை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான வண்டிக்கு அச்சு எதற்கு? ஆகவே தகடுகளைத் தட்டையாகவே வெட்டி, எளிய கருவிகளால் மடக்கி, பொருத்தினார்கள். அந்தப் பெட்டி உருவம் அவ்வாறு வந்ததே.

அடிச்சட்டம் மட்டும் எஃகாகவே இருக்க வேண்டியிருந்தது. பாரத்தைத் தாங்குவது அதுவே. அதிலும் சிக்கனம். அழுத்தி வளைத்த உத்திரங்களுக்குப் பதிலாகத் தட்டையான எஃகுப் பட்டைகளை வெட்டி, நான்கு பட்டைகளை நீண்ட பெட்டிபோல் சேர்த்துப் பற்றவைத்தார்கள். சிக்கனத்துக்காகச் செய்த இந்தப் பெட்டிச் சட்டம், முறுக்கத்தைத் தாங்குவதில் மிக உறுதியாக அமைந்துவிட்டது. பச்சை வண்ணமும் அவ்வாறே: விமானப்படைக்கென்று தயாரித்து எஞ்சிப்போன வண்ணத்தை வாங்கிப் பூசினார்கள் என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் அந்தப் பச்சையே அவ்வண்டியின் அடையாளமாகி, வேண்டுமென்றே விரும்பிக் கேட்கப்படும் வண்ணமாயிற்று.

அலுமினியத்துக்கு எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எடை. அது துருப்பிடிப்பதும் இல்லை. கடற்காற்றிலும் மழைக்காட்டிலும் உழைக்க வேண்டிய வண்டிக்கு இவ்விரண்டும் பெரும் நன்மைகள். குறையே இல்லையென்று சொல்வதற்கில்லை. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் அரிக்கப்படும். எஃகுச் சட்டமோ கவனியாவிட்டால் துருவேறும். ஆயினும் தகடு நசுங்கினால் கிராமத்துக் கொல்லரும் தட்டிச் சரிசெய்யலாம். கெட்டுப்போன பகுதியை மட்டும் திருகாணிகளைக் கழற்றி அகற்றி மாற்றலாம். தொழிற்சாலையில் அச்சு இல்லாத குறை, தொழிற்சாலையிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் நின்றுவிட்ட வண்டிக்கு வரமாயிற்று.

வண்டி இயங்கும் முறையைச் சிறிது விளக்குவோம். எஞ்சின் ரோவர் காரிலிருந்து எடுத்ததே. நான்கு சிலிண்டர், 1,595 கன சென்டிமீட்டர், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். காரின் பற்சக்கரப் பெட்டியோடு இன்னொரு பெட்டியும் சேர்க்கப்பட்டது. அந்த இரண்டாம் பெட்டியின் நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளினால் சாலைக்குரிய வேகம். மறுபக்கம் தள்ளினால் வேகம் குறைந்து இழுவிசை மிகும். செங்குத்தான மேட்டில் மனிதன் நடக்கும் வேகத்தில், ஆனால் நிற்காமல், வண்டி ஏறிவிடும். நான்கு சக்கரங்களுக்கும் விசை சென்றது. இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் செல்ல வேண்டும்; இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால் டயர்கள் தேயும், பற்சக்கரங்கள் திணறும். இதற்காக முன் அச்சுக்குச் செல்லும் விசையில், சைக்கிளின் பின்சக்கரத்தில் இருப்பது போன்ற ஓர் அமைப்பை வைத்தார்கள். மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் சக்கரம் தன்போக்கில் சுழல்கிறதல்லவா? அதுபோலத் திருப்பங்களில் முன்சக்கரங்கள் முந்திச் சுழலலாம். சைக்கிள் செய்து வளர்ந்த நிறுவனத்துக்கு ஏற்ற உபாயமே! 1950-ஆம் ஆண்டில் இம்முறை மாறி, வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் முறை வந்தது.

அவர்கள் மனத்தில் இருந்தது பெரும்பாலும் உழவர்தான். எஞ்சினின் சுழற்சியை வண்டிக்கு வெளியே எடுத்துத் தரும் ஏற்பாடும் அதில் உண்டு. அதில் வார்ப்பட்டையை மாட்டிக் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டலாம், மரமறுக்கும் வாளைச் சுழற்றலாம், தண்ணீர் இறைக்கலாம். பின்னே கலப்பையைப் பூட்டி உழலாம். மாலையில் அதே வண்டியில் விளைபொருளை ஏற்றிச் சந்தைக்கும் செல்லலாம். மாடும் வண்டியும் செய்யும் வேலைகள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்தது போன்றது அது.

பரிசோதனைக்கென்று 48 வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் முதலாவது வண்டி 'எச். யூ. இ. 166' என்ற பதிவெண்ணோடு இன்றளவும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. வேலை முற்றும் முடிவதற்குள்ளாகவே ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியின் நாள் வந்துவிட்டது. இங்கிலாந்துக்காரர் தம் வண்டியை ஏன் ஹாலந்தில் அறிமுகம் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். போருக்குப் பின் லண்டனில் மோட்டார்க் கண்காட்சி மீண்டும் நடந்தது 1948 அக்டோபரில்தான். அதுவரை காத்திருக்க நேரமில்லை. அன்றியும் வாங்க வேண்டியவர் உள்நாட்டார் அல்லர், வெளிநாட்டாரே என்னும்போது வெளிநாட்டில் விரிப்பதே முறையான கடை.

விலை 450 பவுன். அந்த விலைக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? கதவுகளும் மேற்கூடாரமும்கூடத் தனி விலைக்கே. கம்பளம் இல்லை, மெத்தை விரிப்பு இல்லை. உழைப்பாளிக்கு உழைப்பாளி வண்டி என்பதே விளம்பரம். ஆனால் ஆர்டர்கள் நிறுவனத்தார் எண்ணியதைக் கடந்து குவிந்தன. 1949-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8,000 வண்டிகள். 1950-இல் ஏறத்தாழ 16,000. கார்களைச் செய்வதற்குத் துணையாக வந்த வண்டி, கார்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது. எஃகு கிடைத்தது; கூடம் நிரம்பியது; தொழிலாளர்க்கு வேலை நிலைத்தது. எந்த நோக்கத்துக்காகத் தொடங்கினார்களோ அது நிறைவேறியதும் வண்டியை நிறுத்திவிடுவதாக அல்லவா எண்ணம்? நிறுத்துவதற்கு இப்போது யாருக்கும் மனமில்லை.

இவ்விடத்தில் ஒரு தோல்வியையும் சொல்ல வேண்டும். 1948-இன் இறுதியில் வண்டியின் மேல் அழகான மூடிய கூடு கட்டி, வசதியான இருக்கைகள் வைத்து, குடும்பத்தார் செல்லத்தக்க வகை ஒன்றையும் வெளியிட்டார்கள். அது விலைபோகவில்லை. பயணிகளுக்கான வசதி வந்தவுடன் அரசாங்கம் அதைக் கார் என்று கணித்து விற்பனை வரியை விதித்தது. சாதாரண வண்டிக்கோ உழவுக்குரியதென அவ்வரி இல்லை. எழுநூறைக்கூட எட்டாமல், 1951-இல் அது நின்றுபோயிற்று. எளிமையாய் இருந்தவரை ஏற்றம். சொகுசை நாடியதும் சறுக்கல். காலமறியாத சொகுசு அது. அதன் காலம் வர இருபதாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

உழவருக்கென்று பிறந்த வண்டி உழவரோடு நிற்கவில்லை. 1949-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் வாங்கத் தொடங்கிற்று. மலாயாவிலும் கென்யாவிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது படையினரை ஏற்றிச் சென்ற வண்டிகளுள் அதுவும் ஒன்று. அதே வண்டி ஆப்பிரிக்கச் சிற்றூர்களுக்கு மருத்துவரையும் மருந்தையும் ஏற்றிச் சென்றது. நில அளவையாளரைப் பாலைவனத்துக்கு இட்டுச் சென்றது. கருவிக்கு நன்மை தீமை இல்லை. ஏறியிருப்பவரின் நோக்கமே அதன் நோக்கம்.

அவ்வண்டியின் ஆற்றலை உலகம் அறியச் செய்த பயணங்களுள் ஒன்று நம் நாட்டின் வழியாகவே நடந்தது. 1955-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் மாணவர் அறுவர் இரண்டு லாண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குத் தரைவழியே புறப்பட்டார்கள். ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் கடந்து, பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் வந்தார்கள். அசாமின் லீடோ என்னும் ஊரிலிருந்து பர்மாவுக்குள் செல்லும் சாலை, சீனாவுக்குத் தளவாடம் அனுப்பப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்டது. பத்தாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த அச்சாலையில் காடு படர்ந்திருந்தது; பாலங்கள் பல இல்லை. அவ்வழியே சென்று, 1956-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர்கள் சிங்கப்பூரை அடைந்தார்கள். ஜீப் போருக்காகச் சென்ற அதே காட்டு வழியில், ஜீப்பைப் பார்த்துப் பிறந்த வண்டி அமைதிக் காலத்தில் சென்றது.

காலப்போக்கில் வண்டி வளர்ந்தது. 1954-இல் நீளம் கூடிற்று. 1958-இல் இரண்டாம் வரிசை என்றும், 1971-இல் மூன்றாம் வரிசை என்றும் திருத்தங்கள் வந்தன. 1976-இல் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. 1983-இல் பட்டை வில்லுக்குப் பதில் சுருள் வில் வந்தது. 1990-இல் 'டிஃபெண்டர்' என்ற பெயர் சூட்டப்பட்டது. எஃகுத் தட்டுப்பாடு எப்போதோ நீங்கிவிட்டது. ஆயினும் அலுமினியத் தகடும் தட்டைப் பக்கங்களும் தனிச் சட்டமும் நீங்கவில்லை. பஞ்சகாலத்தில் பழகிய சிக்கனம் வளமான காலத்திலும் குடும்பத்தின் குணமாக நின்றுவிடுவதைப் போன்றது இது. இதற்கிடையே 1970-இல் 'ரேஞ்ச் ரோவர்' என்னும் சொகுசான உடன்பிறப்பும் தோன்றிப் பெரும் வெற்றி பெற்றது. 1948-இல் தவறிய முயற்சி அப்போது பலித்தது எனலாம்.

நிறுவனத்தின் உடைமையோ பல கைகள் மாறிற்று. 1967-இல் லேலண்டு நிறுவனத்தோடு இணைந்தது. பின்னர் ஜெர்மானியரின் பி. எம். டபிள்யூ., அதன்பின் அமெரிக்கரின் ஃபோர்டு என மாறி, 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நம் நாட்டின் டாட்டா மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. ஜாகுவார், லாண்ட் ரோவர் இரண்டுக்கும் சேர்த்து விலை 230 கோடி டாலர். நினைத்துப் பாருங்கள்! 1947-இல் இந்தியா முதலிய நாடுகளுக்குப் பட்ட கடனைத் தீர்க்க வழி தேடிய நாட்டில், ஏற்றுமதிக்காக அவசரம் அவசரமாகச் செய்யப்பட்ட வண்டி. அறுபதாண்டு கழித்து அதன் தொழிற்சாலையே இந்தியர் கைக்கு வந்தது. கடனுக்கும் இதற்கும் நேரான தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் வரலாறு சில வேளைகளில் இப்படி வட்டமிட்டு வருகிறது.

2016-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து அந்தப் பழைய குலத்தின் கடைசி வண்டி வெளிவந்தது. அதுவரை வெளிவந்தவை இருபது இலட்சத்துக்கு மேல். புகைக் கட்டுப்பாடு, பயணிகளின் பாதுகாப்பு முதலியவை பற்றிய புதிய விதிகளுக்கு அந்தப் பழைய கட்டுமானம் ஈடுகொடுக்க இயலவில்லை. கையால் பொருத்தும் வேலை மிகுதியாதலால் செலவும் கட்டுப்படியாகவில்லை. பின்னர் 2019-இல் அதே டிஃபெண்டர் பெயரோடு புத்தம் புதிய வண்டி அறிமுகமாயிற்று. அது ஸ்லோவாக்கியா நாட்டில் தயாராகிறது. பெயர் அதுவே, பிறப்பு வேறு.

நேயர்களே, இந்த வரலாற்றில் மேதைகளின் பெருங்கனவு என்று எதுவுமில்லை. எஃகு இல்லாத ஒரு கூடம். வேலை வேண்டி நின்ற தொழிலாளர்கள். பழுதான ஜீப்பை வைத்துக்கொண்டு அல்லற்பட்ட ஒரு பொறியாளர். கையில் இருந்ததைக் கொண்டு அவசரத்துக்கு ஒன்றைச் செய்தார்கள். ஆனால் அவசரத்துக்குச் செய்ததை அரைகுறையாகச் செய்யவில்லை. இரண்டாண்டுக்கான வண்டிதானே என்று சட்டத்தின் பற்றவைப்பில் குறை வைத்திருந்தால், அது அந்த இரண்டாண்டோடு முடிந்திருக்கும். தற்காலிகம் என்று எண்ணிய வேலையிலும் நாணயமாக உழைத்தமையால்தான் அது நிலைத்தது. அயலூரில் இரண்டாண்டுக்கென்று வந்து, அந்த ஊருக்கு வேண்டியவராகிவிட்ட நம்மவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.